நெல்லுச்சோறு கிடைச்ச பிறகு

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்தத் தடவை எபிசோடு ஒரு போன் காலிலிருந்து ஆரம்பிக்கிறது. போன மாசம் ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்கு குயிலாப்பாளையத்திலிருந்து அக்கா கூப்பிட்டுச்சு. அக்கா பையனுக்கு 12 வயசு. பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்திருக்கு. உயரம் 148 சென்டிமீட்டர், எடை 58 கிலோ என்று சீட்டில் எழுதி, எடையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியிருக்காங்க. அன்னைக்கு சாயங்காலம் வேனில் வரும்போதே மத்த பசங்க அந்த வட்டத்தைப் பார்த்துட்டாங்க. பையன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துட்டான்.

"டேய் தம்பி, வாரம் ஒரு ஊசி போட்டா எடை குறையுதாமே. புள்ளைக்குப் போடலாமா? எவ்ளோ ஆகும்?"

நான் டாக்டர் இல்லைக்கா என்றேன். "நீதான் எல்லாத்தையும் படிக்கிறியே" என்றது. அப்புறம் இன்னொன்னும் சொல்லிச்சு. முகாமில் ஒரு உணவுப் பட்டியல் கொடுத்தாங்களாம். சிறுதானியம், முட்டை, பயறு, கீரை, தினம் ஒரு பழம். "அந்தப் பேப்பர்ல இருக்கிறதை எல்லாம் நான் தினமும் செய்றேன்டா. ஆனா எங்க வீட்ல இல்ல."

ஊர் தெரியாதவங்களுக்கு: குயிலாப்பாளையம் வானூர் தாலுகாவில், ஆரோவில்லுக்கு ஒட்டின கிராமம். 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கியதிலிருந்து எங்க ஊர் ஆட்களுக்கு அங்கேதான் பெரும்பாலும் வேலை. அக்கா ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். தினை தோசை, வரகு சாலட், முளைகட்டின பயறு, எல்லாம் சுற்றுலாக்காரங்களுக்கு. ராத்திரி வீட்டுக்கு வந்து ரேஷன் அரிசி வடிச்சு, புளிக்குழம்பு வைக்கும். எல்லாத்தையும் விட அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குத் தூக்கம் வராமல் செஞ்சது. சரி, ஊசி விஷயம் கடைசியில். முதலில், இந்த வரகு எப்படி எங்க ஆயா வீட்டு அடுப்பிலிருந்து அக்கா வேலை செய்ற கடை மெனுவுக்குப் போச்சுன்னு பார்ப்போம்.

ஒன்னை முதலிலேயே சொல்லிடறேன். "அந்தக் காலத்துல எல்லாரும் வரகும் கேப்பையும் தின்னு கட்டுமஸ்தா இருந்தாங்க" என்கிற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்க ஆயாவுக்கு வரகு பிடிக்காது. வரகுக்கு உமி லேசில் போகாது. அடுக்கடுக்கா ஒட்டிக்கிட்டு இருக்கும். விடியறதுக்கு முன்னாடி உரலில் குத்தணும், புடைக்கணும், திரும்பக் குத்தணும். கை காய்ச்சுப்போன கதையை ஆயா சாகிறவரைக்கும் சொல்லும். மானாவாரி செம்மண் பூமியில் நெல் ஏது? நெல்லுச்சோறு என்றால் தீபாவளி, பொங்கல், கல்யாணம். மத்த நாளெல்லாம் கேப்பக் கூழும் வரகஞ்சோறும்தான். நெல்லுச்சோறு தின்கிறவன் வசதியானவன், கூழ் குடிக்கிறவன் இல்லாதவன் என்பது ஊருக்கே தெரிஞ்ச கணக்கு.

அந்தச் செம்மண்ணில் விளைஞ்ச இன்னொரு சாமான் வேர்க்கடலை. அதிலும் ஒரு கதை இருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னாற்காடு ஜில்லா கடலை, பாண்டிச்சேரி துறைமுகம் வழியாக பிரான்சில் மார்சேய் நகரத்துக்குக் கப்பல் ஏறியது. அங்கே அதை எண்ணெயாக்கினார்கள், சோப்பு ஆக்கினார்கள். காசு வந்ததால் தென்னாற்காட்டில் கடலை பரவிக்கிட்டே போச்சு. பின்னால் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது. விவசாயிகள் சொல்கிற டி.எம்.வி. ரகக் கடலையில் அந்த மூன்று எழுத்தும் திண்டிவனம்தான். ஆக, புரதமும் கொழுப்பும் நிறைஞ்ச ஒரு பொருளை விளைவிச்ச ஊர் அதை வித்துட்டுக் கூழ் குடிச்சது. நல்ல சாப்பாட்டைச் செய்கிறவன் ஒருத்தன், தின்கிறவன் ஒருத்தன் என்பது அக்கா காலத்தில் தொடங்கினது இல்லை.

ஏழைக்கு எவ்வளவு சோறு போதும்னு அரசாங்கம் எடை போட்டுப் பார்த்ததும் இந்த மண்ணில்தான். 1876-78 தாது வருஷப் பஞ்சம். சர் ரிச்சர்ட் டெம்பிளை சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கையில் கொஞ்சம் சில்லறை, இது போதும் என்றார் அவர். மாகாணத்தின் சுகாதார கமிஷனராக இருந்த கார்னிஷ் என்கிற டாக்டர், போதாது என்று சண்டை போட்டார். அளவு மட்டும் இல்லை, வெறும் தானியத்தில் உடம்பு ஓடாது, பருப்பு வேணும், காய் வேணும் என்பது அவர் வாதம். சில மாசத்தில் அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. அதற்குள் செத்தவர்கள் செத்தார்கள்.

வயிறு ரொம்புவது வேற, உடம்பு தேறுவது வேற என்று கார்னிஷ் சொன்னதை ஆராய்ச்சியா மாத்தினது குன்னூர். 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். இன்னைக்கு ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆரம்பம் அந்த அறைதான். மெஷினில் தீட்டின பச்சரிசி சாப்பிட்ட ஆந்திரக் கடலோர ஜில்லாக்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் தப்பிச்சாங்க. நெல்லை அவிச்சுக் காயவைக்கும்போது தவிட்டில் இருக்கிற சத்து அரிசிக்குள்ளே இறங்கிடும். இட்லிக்குப் புழுங்கல் போட்ட நம்ம பாட்டிமார் எந்த ஆராய்ச்சியும் பண்ணாமலே பிழைச்சாங்க.

மெக்கரிசன் பண்ணின எலி சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் கோபமும் வரும். இந்தியாவின் ஏழு பகுதி மக்களின் சாப்பாட்டை ஏழு எலிக் கூட்டத்துக்குக் கொடுத்தார். கூட்டத்துக்கு 20 எலி. 80 நாள் கழிச்சு எடை பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய் தின்ன சீக்கியர் சாப்பாட்டு எலி சராசரி 235 கிராம். கடைசி இடம் யாருக்கு? மதராசி சாப்பாட்டு எலிக்கு, 155 கிராம். பஞ்சாபி விவசாயி வீட்டில் மாடு இருந்தது, கால்வாய்ப் பாசனம் இருந்தது. நம்ம கூலிக்காரன் வீட்டில் சட்டிதான் இருந்தது. அந்த வித்தியாசத்தை எலியால் சொல்ல முடியாது.

அதைச் சொன்னவர் அவருக்கு அடுத்து 1935-ல் குன்னூருக்கு வந்த வாலஸ் அய்க்ராய்டு. இந்திய உணவுகளில் எதில் என்ன சத்து என்று அட்டவணை போட்டு 1937-ல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். நம்ம ஊர் கீரை, கேழ்வரகு, கடலை எல்லாம் அதில் வரும். அதே புத்தகத்தில் சரிவிகிதமில்லாத சாப்பாடு ஒன்று, சரிவிகித சாப்பாடு ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதலாவதில் அரிசி நிறைய, மத்ததெல்லாம் பேருக்கு. இரண்டாவதில் அரிசி குறைஞ்சு பால், பருப்பு, கீரை, பழம் ஏறுகிறது. கூடவே விலையும் ஏறுகிறது. ஏழைக்குப் புத்தி சொன்னால் மட்டும் தீராது, அவன் பையில் காசு இல்லை என்பதை அவர் பார்த்துட்டார். அக்கா கையில் இருக்கிற பேப்பருக்கும் 1937-ன் அந்தப் பக்கத்துக்கும் நான் பெரிய வித்தியாசம் பார்க்கலை.

இனி அரசியலுக்கு வருவோம். இந்தப் பகுதி நம்ம எல்லாருக்கும் தெரியும், அதனால் வேகமா ஓடறேன். 1920-ல் சென்னை மாநகராட்சி, தியாகராய செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு மாணவனுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் சாப்பாடு போடத் தீர்மானம் போட்டது. 1956-ல் எட்டயபுரம், காமராஜர். 1961-லிருந்து அமெரிக்க 'கேர்' அமைப்பின் பால் பவுடரும் மக்காச்சோள மாவும். அந்த மஞ்சள் உப்புமா வாசனையை இப்போ எழுபது வயசில் இருக்கிறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, முகம் மாறும். 1967-ல் அண்ணா, ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். 1982 ஜூலை 1, திருச்சி பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம்.

நான் எம்.ஜி.ஆர். சத்துணவில் வளர்ந்தவன். பால்வாடியில் எங்களை ஒரு ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு எடை போடுவாங்க. அட்டையில் ஒரு கோடு ஏறணும். என் கோடு ஏறவே இல்லையாம். ஆயாம்மா எனக்கு மட்டும் ஒரு கரண்டி கூடப் போட்டதை அம்மா இன்னைக்கும் சொல்லும். அப்போ அந்தத் தராசுக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும்: குறைஞ்சிருக்கா?

முட்டை வந்த கதையைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும். 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 1998-ல் வாரம் ஒன்று. 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் வாரம் ஐந்து. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்பது வாரத்துக்கு ஐந்தாக 21 வருஷம் ஆச்சு. அரிசி அப்படி இல்லை. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 ஜூனில் இலவசம், கார்டுக்கு 20 கிலோ. அஞ்சே வருஷம். பருப்பு? சிறப்புப் பொது விநியோகத்தில் கிலோ 30 ரூபாய்க்கு, ஒரு கார்டுக்கு மாசம் ஒரு கிலோ. 20 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ பருப்பு. கார்னிஷ் இருந்தால் மறுபடியும் சண்டைக்கு வந்திருப்பார்.

இதைச் சொல்லி நான் இலவச அரிசியைக் குறை சொல்லலை. தயவுசெய்து அப்படிக் கேட்காதீங்க. பஞ்சத்தில் செத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அடுப்பு எரிஞ்சதே பெரிய விஷயம். ஆயா கடைசிக் காலத்தில் ரேஷன் கடை வரிசையில் நின்று வாங்கிட்டு வந்த அரிசியை முறத்தில் கொட்டிக் கையால் தடவிப் பார்த்துக்கிட்டே இருக்கும். தினமும் நெல்லுச்சோறு. அந்தக் கை உரல் பிடிச்ச கை.

ஆனால் அரசாங்கம் மலிவாக்கியது அரிசி. பருப்பும் முட்டையும் பின்னாலேயே நொண்டிக்கிட்டு வந்தது. பழம் வரவே இல்லை. நாங்க சின்ன வயசில் பழத்துக்குக் காசு கொடுத்ததில்லை. முந்திரித் தோப்பில் முந்திரிப்பழம், ஈச்சம்பழம், களாக்காய், நாவல், சுட்ட பனம்பழம். நிலம் கைமாறி, வேலி வந்து, தோப்பு வீடாகி, இப்போ பழம்னா கடையில்தான். வரகும் இல்லை. மெனக்கெட்டு விதைச்சுக் குத்த யாரும் தயாரா இல்லை, ஏன் இருக்கணும்? இப்போ மெஷினில் உமி நீக்கி, அழகா பை போட்டு வருது. விலை கிலோ நூறு ரூபாயைத் தொடும். பக்கத்தில் ரேஷன் அரிசி சும்மா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று உலகமே கொண்டாடினப்ப, நீலகிரி, தருமபுரி இரண்டு மாவட்ட ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சாங்க. நல்ல காரியம். விழுப்புரத்துக்கு அது வரலை.

இடைப்பட்ட இடத்தில் என்ன நுழைஞ்சது? அஞ்சு ரூபாய் பாக்கெட். அதற்குச் சமைக்க வேண்டாம், கழுவ வேண்டாம், கெட்டுப்போகாது. ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிற அம்மாவுக்கு அது பெரிய உதவி. 2025 செப்டம்பர் 22-லிருந்து பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆச்சு. நொறுக்குத்தீனிக்கு 12-லிருந்து 5. முட்டைக்கும் காய்க்கும் வரியே இல்லை, அதையும் சொல்லணும். பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான தின்பண்டம் விற்கக்கூடாது என்று 2020-லேயே விதி இருக்கு. உங்க பக்கத்துப் பள்ளிக்கூட வாசலில் நின்று 50 மீட்டர் நடந்து பாருங்க.

கணக்கு என்ன சொல்லுது? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை. அதே ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 25 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லை. அதிக எடை 4.3 சதவீதம். கட்டையாகவும் குண்டாகவும் ஒரே மாநிலம், சில சமயம் ஒரே வீடு. உலக அளவில் 2025-ல் யுனிசெஃப் சொன்னது: பள்ளி வயதுப் பிள்ளைகளில் உடல் பருமன் உள்ளவர்கள் எடை குறைந்தவர்களை முதல்முறையா தாண்டிட்டாங்க.

இதில் நம்ம ஊர்க்காரர்களுக்குத் தனியா ஒரு சங்கடம். பூனாவில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1990-களிலிருந்து பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்துக் காட்டினார்: நம்ம குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும், இருக்கிற எடையில் கொழுப்பின் பங்கு அதிகம், தசை குறைவு. தலைமுறை தலைமுறையா அரைவயிறு சாப்பிட்ட தாயின் வயிற்றில் உருவான உடம்பு, கிடைச்சதைச் சேர்த்துவைக்கப் பழகினது. ஒரு கரண்டி கூடப் போட்டும் கோடு ஏறாத பால்வாடிப் பையன் நான், நாற்பது வயசில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடறேன். அக்கா பையன் அதே வம்சம்.

இப்போ ஊசி. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தது. வாரம் ஒரு ஊசி, வந்தப்ப ஆரம்ப அளவு ஒன்று 3,500 ரூபாய், மாசம் 14,000. ஜூனில் வெகோவி வந்தது. வெகோவியில் இருக்கிற செமாகுளுடைடு என்கிற மருந்துக்கு இங்கே காப்புரிமை 2026 மார்ச் வரைதான், அதோட உள்ளூர் கம்பெனிகளுக்கு வழி திறக்குது, விலை சரியும். அமெரிக்காவில் 2022 டிசம்பரிலேயே 12 வயதிலிருந்து கொடுக்க அனுமதி ஆச்சு. இங்கே பெரியவர்களுக்குத்தான். இதை நான் கெட்ட மருந்து என்று சொல்ல மாட்டேன். பசியை உண்மையிலேயே அடக்குது, பலருக்கு உயிர் காக்குது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புது என்பதும் உண்மை. தென்னாற்காட்டில் பசியை அடக்க மருந்து விற்கிற நாள் வரும்னு 1877-ல் யாராவது சொல்லியிருந்தால் கல்லால் அடிச்சிருப்பாங்க.

இதையெல்லாம் அக்காவிடம் சுருக்கமா சொன்னேன். மாசம் 14,000 என்றதும் பேச்சே இல்லை. அப்புறம், "அது எனக்கு ஒன்றரை மாசச் சம்பளம்டா" என்றது. விலை குறையப் போகுதுக்கா என்றேன். "முட்டை விலை குறையுமா?" என்று கேட்டுச்சு. என்னிடம் பதில் இல்லை.

அப்போதான் இன்னொன்னு வெளியே வந்தது. போன வருஷம்தான் பையனை அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளியில் போட்டிருக்கு. முன்னே நடந்து போவான், இப்போ வேன். முன்னே மத்தியானம் சத்துணவும் வாரம் ஐந்து முட்டையும். இப்போ டப்பாவில் லெமன் சாதம், கையில் பத்து ரூபாய். ஃபீஸ் கட்டினது போக மாசக் கடைசியில் வீட்டில் முட்டை வாங்குறதில்லை. புள்ளை நல்லா வரணும்னு எடுத்த முடிவு அது. அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை, இப்பவும் வரலை.

போன வாரம் ஊருக்குப் போய் பையனை அரசு ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். அந்த அம்மா ஊசிப் பேச்சே எடுக்கலை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்தாங்க. சிவப்பு வட்டம் போட்ட சீட்டை வாங்கி மடிச்சு மேஜை டிராயரில் போட்டுக்கிட்டு, அவனிடம் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று கேட்டாங்க. தெரியும் என்றான். வீட்டில் சைக்கிள் இருக்கு, டயர்தான் இல்லை. டயர் போட்டாச்சு.

திரும்பும் வழியில் திண்டிவனம் கடலை ஒரு படி வாங்கி, ராத்திரி உப்புப் போட்டு வேகவெச்சோம். இனிமே பிஸ்கட்டுக்குப் பதிலா இதுதான் என்று அக்கா சட்டம் போட்டுச்சு. பையன் தோலை உரிச்சுக்கிட்டே ரொம்ப நேரம் யோசிச்சான். "மாமா, கடலை நல்லாத்தான் இருக்கு. ஆனா பிஸ்கட்டும் இருந்துட்டுப் போவட்டுமே."

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.